கடைசி வாங்கில் இருந்தவர்

மாத்தளை திருகோணமலை வீதியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பதுர்தீன் ஐம்பது வயது தாண்டியும் ஒரு துளி சாராயத்தை நாக்கில் வைத்தவரல்ல. பீடியும் பிடித்ததில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய் வெற்றிலை போடுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனுஷன் குடிகாரர்களின் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று ஊரில் பேச்சு வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள், ஆனால் வேறு விதமாக. இத்தனை வருஷமாக ஒளித்துக் குடித்திருக்கிறார், இப்போதுதான் வெளியில் வந்திருக்கிறது என்று.

அது அறுபத்தேழாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டு, பௌத்தர்களின் போயா நாளை வார விடுமுறையாக்கியிருந்த காலம். பிறையைப் பார்த்து விடுமுறை வரும். இந்த வாரம் செவ்வாய் என்றால் அடுத்த வாரம் புதனாக இருக்கும். கடைக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி. ஆனால் போயாவன்று சாராயத் தவறணை மூடியிருக்கும் என்பதால் ஒரே ஒரு கத்தோலிக்கருக்கு மட்டும் அது வசதியாகப் போய்விட்டது. அவர் பெயர் கிறிஸ்தோபர்.

கிறிஸ்தோபர் மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கராக இருந்தவர். தேயிலைத் தொழிற்சாலை முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. குடி அந்த உத்தியோகத்தைத் தின்றது, தோட்டத்து வீட்டைத் தின்றது, கடைசியில் அவரையே கொழும்பு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்க் கிடத்தியது. அங்கே பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒரு கப்பல்காரர், தானும் குடித்துக் கெட்டவர், வெளிநாட்டுத் துறைமுகங்களில் குடிகாரர்கள் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசியே குடியை விடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். கிறிஸ்தோபர் அதைப் பிடித்துக்கொண்டார். மாத்தளைக்குத் திரும்பி வந்து பங்குச் சாமியாரைக் கண்டு, மாதா கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய மண்டபத்தின் சாவியை வாங்கினார். போயாவுக்குப் போயா பின்னேரத்தில் ஏழெட்டுப் பேர் அங்கே கூடத் தொடங்கினார்கள்.

பதுர்தீனின் கடையிலிருந்து அந்த மண்டபம் கூப்பிடு தூரம். ஒருநாள் கிறிஸ்தோபர் கடைக்கு வந்து கேட்டார்.

"நானா, போயாவுக்கு எங்களுக்குக் கொஞ்சம் பிளேன்டீ அனுப்ப ஏலுமா? நல்லா இனிப்புப் போட்டு. இனிப்பு இருந்தா எங்க ஆளுங்களுக்கு மத்தத் தாகம் கொஞ்சம் அடங்கும்."

நானா என்றால் அண்ணன்; முஸ்லிம் கடைக்காரர்களை ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதுர்தீன் சம்மதித்தார். போயாவன்று கடையில் ஆள் குறைவு. வேலைக்காரர்களும் லீவில் போய்விடுவார்கள். கேத்தலையும் கோப்பைகளையும் அவரே தூக்கிக்கொண்டு போவார். வாசலோடு இருந்த மேசையில் வைத்துவிட்டு, உள்ளே எட்டியும் பார்க்காமல் திரும்பிவிடுவார். மனைவி நூருன்னிஸா ஒருமுறை கேட்டாள்.

"குடிகாரன்களுக்கு நீங்க தேத்தண்ணி சுமக்கிறீங்களே, பள்ளிவாசல்ல ஆள்கள் கேட்டா என்ன செல்லுவீங்க?"

"தேத்தண்ணிதானே குடுக்கிறேன். வேற என்னத்தையும் குடுக்கல்லையே" என்றார் பதுர்தீன்.

ஐப்பசி மழை அவரை உள்ளே தள்ளியது. மேசையில் கேத்தலை வைத்தாரோ இல்லையோ, வானம் பிளந்துகொண்டு கொட்டியது. கூரைத் தகரத்தில் கல்லெறிந்த மாதிரிச் சத்தம். குடையும் கொண்டுவரவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே போய், சுவரோரம் நீளமாகக் கிடந்த கடைசி மர வாங்கில் உட்கார்ந்தார். முன்னால் ஆட்கள் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற பொன்னையா. பதுர்தீனுக்கு முகம் தெரியும். தவறணைக்கு வெளியே சாக்கடைக் கானுக்குள் விழுந்து கிடக்கப் பார்த்திருக்கிறார்.

"என் மகளுக்கு அப்ப ரெண்டு வயசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார் பொன்னையா. "காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது. கம்பளியில சுத்தி டவுன் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு வந்தேன். வழியில தவறணை. ஒரே ஒரு கிளாசுன்னு நெனைச்சேன். புள்ளைய வாங்குல படுக்க வச்சேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு. அதுக்குப் பெறகு ஒண்ணும் ஞாபகமில்ல. விடிஞ்சு பார்த்தா ரோட்டோரம் கெடக்குறேன். புள்ளய காணோம். ஓடுறேன், ஓடுறேன், லயத்து வீட்டுக்கு ஓடுறேன். புள்ள அவ ஆத்தா பக்கத்துல தூங்குது. காய்ச்சலுக்கு மருந்து கூட குடுத்திருக்கு. யாரோ ஒரு ஆளு ஆசுபத்திரிக்குக் கொண்டு போயி, மருந்து வாங்கி, வீட்டைக் கேட்டுக் கேட்டு வந்து கதவத் தட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. சிங்களத்துல ரெண்டு வார்த்தை பேசினாராம். மொகத்த அவ சரியாப் பார்க்கல."

அவர் நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இப்ப அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. வீடு வீடா வெத்தல வச்சுக் கூப்பிடுறேன். அந்த ஆளுக்கு வெத்தல வைக்க முடியல. அவரு யாருன்னே தெரியாம என் புள்ள கல்யாணம் நடக்கப் போகுது."

பதுர்தீன் காத்திருந்தார். இப்போது யாராவது ஏசுவார்கள், இல்லாவிட்டால் புத்தி சொல்வார்கள் என்று நினைத்தார். தானாக இருந்தால் இரண்டையும் செய்திருப்பார். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேற்றக்கூட இல்லை. பொன்னையா சொன்னதை எல்லோரும் சேர்ந்து சுமப்பது போலத் தலை குனிந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கிறிஸ்தோபர், "சரி பொன்னையா" என்றார். அவ்வளவுதான். பேச்சு அடுத்த ஆளுக்குப் போனது.

சுற்று முடிந்ததும் கிறிஸ்தோபர் கடைசி வாங்கைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நானா, நீங்களும் விரும்பினாப் பேசலாம்."

பதுர்தீன் அவசரமாகச் சொன்னார்: "நான் குடிக்கிற ஆள் இல்ல, ஐயா."

வட்டத்தில் இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "நாங்களும் முதல் நாளு அப்படித்தான் நானா சொன்னோம்" என்றார் பொன்னையா. கேலியாகச் சொல்லவில்லை, கதிரையை நகர்த்தி இடம் விடுகிறவர் போலச் சொன்னார். அதுதான் பதுர்தீனை அதிகமாகக் குடைந்தது. மழை விடுவதற்கு முன்னமே எழுந்து நனைந்துகொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அவர் வெளியே கிளம்பும்போது கிறிஸ்தோபர் ஒன்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார். "இங்க கேட்டத இங்கயே விட்டுட்டுப் போகணும். அது ஒண்ணுதான் எங்க சட்டம்."

விட்டுவிட்டுப் போக முடியவில்லை. பொன்னையாவின் குழந்தையைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அது அவரோடேயே வந்தது. நினைவில் அந்தக் குழந்தையின் பின்னாலேயே இன்னொரு ஆளும் வந்தான். அவன் அவருடைய தம்பி லாபிர்.

அவர்களுடைய வாப்பா மவுத்தானபோது லாபிருக்குப் பதினொரு வயது. பதுர்தீன்தான் வளர்த்தார். கடையில் நிற்கச் சொன்னால் நிற்கமாட்டான். லொறி என்றால் உயிர். மிளகும் கொக்கோவும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிற லொறிகளில் முதலில் கிளீனராக, பிறகு டிரைவராகப் போனான். போன இடத்தில் குடி பிடித்துக்கொண்டது. மாத்தளையில் முஸ்லிம் குடும்பங்களில் குடி என்ற வார்த்தையே வாயில் வராது. குடிக்கிறவன் இருந்தாலும், "அவனுக்கு ஒடம்புக்கு ஏலாது" என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டிலும் சில வருஷம் அப்படியே சொல்லிச் சமாளித்தார்கள்.

ஒரு நோன்பு மாதத்து வெள்ளிக்கிழமை சமாளிக்க முடியாமல் போனது. ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளி நிறைந்திருந்த நேரம். லாபிர் உள்ளே வந்து வரிசையில் நின்றான். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். வரிசையில் ஒரு பள்ளம் விழுந்தது. பதுர்தீன் முன்வரிசையிலிருந்து வந்தார். தம்பியின் சட்டைக் கழுத்தைப் பிடித்துப் பள்ளியின் நடுவால் இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் தள்ளினார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "இனி எனக்குத் தம்பி ஒருத்தன் இல்ல" என்றார். லாபிர் எழுந்து, சாரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, செருப்பைத் தேடினான். ஒன்றுதான் கிடைத்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். ஊர் பதுர்தீனைப் பாராட்டியது. மார்க்கத்துக்காகக் கூடப்பிறந்தவனையே விட்டவர் என்று ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரோடு அவர் ஏழெட்டு வருஷம் கடை நடத்தினார்.

மழை நாளுக்குப் பிறகு அவர் போயாவுக்குப் போயா மண்டபத்துக்குள் போய்க் கடைசி வாங்கில் உட்காரத் தொடங்கினார். பேசமாட்டார். அவர்களும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒரு தபால் கந்தோர் குமாஸ்தா அழுவார். ஒருவர் குடித்த காலத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஒருவர் பல மாதம் குடிக்காமல் இருந்து, திடீரென்று மறுபடி விழுந்துவிட்டு வந்து நிற்பார். அவரையும் யாரும் ஏசமாட்டார்கள். "வந்துட்டீங்கல்ல, ஒக்காருங்க" என்பார் கிறிஸ்தோபர். பதுர்தீனுக்கு முதலில் அது கோபத்தைத்தான் தந்தது. இப்படிச் செல்லம் கொடுத்தால் எவன் திருந்துவான் என்று நினைத்தார். ஆனால் விழுந்தவர் அடுத்த போயாவுக்கும் வந்தார், அதற்கடுத்த போயாவுக்கும் வந்தார். சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுக்கப்பட்டவன் திரும்பி வரவேயில்லை.

ஒருநாள் கோப்பைகளைக் கழுவி அடுக்கும்போது கேட்டார்: "ஐயா, இது கோயில் எடம். எங்க ஆள் ஒருத்தர் வந்தா?"

"சாவி கோயிலோடது. கூட்டம் எங்களோடது" என்றார் கிறிஸ்தோபர். "குடிய விட முடியல்லன்னு ஒத்துக்கிற யாரும் வரலாம். ஆனா நானா, நீங்க இழுத்துக்கிட்டு வரக்கூடாது. அவங்களா நடந்து வரணும்."

பதுர்தீன் தம்பியைப் பற்றி இவரிடம் ஒன்றும் சொன்னதில்லை. அப்படியிருந்தும் இழுப்பது என்ற சொல் அவர் நெஞ்சில் எங்கேயோ போய்க் குத்தியது.

அன்றைக்கு வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "லாபிர் உயிரோட ஈக்கிறானா தெரியல்ல" என்றார்.

நூருன்னிஸா கறிச்சட்டியிலிருந்து நிமிரவில்லை. "நாலந்தாவுல, சுண்ணாம்புச் சூளையில வேல செய்றான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். நீங்கதான் ஒருத்தருக்கிட்டயும் கேக்கல்ல."

மறுநாளே, தம்புள்ளை போகிற வழியிலிருந்த நாலந்தாவுக்கு பஸ் ஏறினார். சூளை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கல்லும் விறகும் மாறி மாறி அடுக்கி எரிக்கிற இடம். காற்றே வெள்ளையாக இருந்தது. மரங்களின் இலைகளிலும் வெள்ளை படிந்திருந்தது. கூடை சுமந்த ஆட்களில் தம்பி எவன் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் வெள்ளையாக, எல்லோரும் கிழவர்களாகத் தெரிந்தார்கள். ஒருவன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். வெடித்த கைகள். உள்ளே போன கன்னம். வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது.

"என்ன முதலாளி, சுண்ணாம்பு வாங்க வந்தீங்களா?"

ஊரெல்லாம் நானா என்று கூப்பிடுகிற ஆளை, நானா என்று கூப்பிட வேண்டிய ஒரே ஒருவன் முதலாளி என்றான். பதுர்தீன் அதை ஏற்றுக்கொண்டார்.

"ஒன்னப் பாக்க வந்தேன்."

"பாத்தீங்கதானே."

இரண்டு பேரும் ஒரு மர நிழலில் நின்றார்கள். உட்காரவில்லை. பதுர்தீன் பஸ்ஸில் தயார்செய்து கொண்டுவந்த பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. பொன்னையாவின் கதையைச் சொல்லலாம் என்றால், அது அங்கேயே விடவேண்டியது.

"மாத்தளையில ஒரு எடம் ஈக்கி. போயாவுக்குப் போயா குடிக்கிற ஆள்கள் கூடிப் பேசுறாங்க. குடிய விட்டவங்களும் வாராங்க, விட ஏலாதவங்களும் வாராங்க. அங்க யாரும் யாரையும் ஏசுறதில்ல."

"அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போறேன்."

லாபிர் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தான். "நீங்களா? நீங்க என்னத்துக்கு?"

"தேத்தண்ணி கொண்டு போறேன்."

லாபிர் சிரித்தான். சிரித்துச் சிரித்து இருமினான். இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது. பிறகு கூடையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு சூளைப்பக்கம் போய்விட்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூன்று நான்கு போயா கழிந்தது. ஒரு பின்னேரம் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு நிழல் ஆடியது. லாபிர். நிறைந்த குடிவெறியில் வந்திருந்தான். போயாவன்று தவறணை மூடியிருந்தாலும் கள்ளச்சாராயக் கசிப்புக்கு ஏது விடுமுறை. பதுர்தீன் பழையபடி எழுந்து பாய்ந்துவிடுவோமோ என்று பயந்து வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிறிஸ்தோபர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"வாங்க தம்பி. இன்னைக்கு நீங்க பேசக்கூடாது. கேட்டுக்கிட்டு இருக்கலாம்."

உள்ளே வந்த லாபிர் கடைசி வாங்கில், பதுர்தீனுக்குப் பக்கத்திலேயே விழுந்து குறட்டை விட்டான். கூட்டம் அந்தக் குறட்டையோடேயே நடந்தது. முடிந்ததும் பொன்னையா வந்து அவன் காலைத் தூக்கி வாங்கில் நேராக வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை பாதி வெறியில் வந்தான். அதற்கடுத்த முறை வரவில்லை. பிறகு ஒருநாள் நடுங்கும் கைகளோடு, வெறியில்லாமல் வந்தான். அன்றைக்கு நாலந்தாவுக்குத் திரும்பிப் போகக் கிறிஸ்தோபர் விடவில்லை. "தனியாப் போனா வழியில தவறணை நிக்கும்" என்றார். கடைக்குப் பின்னால் கோதுமை மா மூட்டை வைக்கிற அறை இருந்தது. நூருன்னிஸா மூட்டைகளை ஒரு பக்கம் தள்ளிப் பாய் போட்டாள்.

"ரெண்டு கொமர்ப் புள்ளைகள வச்சிக்கிட்டு ஈக்கிறோம், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேப்பாங்க" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கை தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தது.

முதல் சில நாட்கள் மோசமானவை. லாபிருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்தான். கிறிஸ்தோபரும் பொன்னையாவும் மாறி மாறி வந்து பக்கத்தில் இருந்தார்கள். பதுர்தீன் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போவார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நோன்புக்குச் சில நாட்கள் இருக்கும்போதுதான் லாபிர் கூட்டத்தில் முதன்முறையாக வாய் திறந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் ஒரு நோம்பு நாள் வெறியோட பள்ளிக்குப் போனவன். அது ஊருக்கே தெரியும். ஏன் போனேன்டு யாருக்கும் தெரியாது. அன்னைக்குக் காலையில குடிய விடணும்டு நெனைச்சேன். பள்ளியில வரிசையில போய் நின்டா விட்டுருவேன்டு ஒரு நெனைப்பு. ஆனா பள்ளிக்குள்ள போக வெக்கம். அந்த வெக்கம் போறதுக்காகக் கொஞ்சம் குடிச்சேன். அது போகல்ல, இன்னும் கொஞ்சம் குடிச்சேன். கடைசியில போய் நின்டுட்டேன். தொழத் தக்பீர் கட்டக் கையத் தூக்கினேன். அதுக்குள்ள இழுத்துட்டாங்க." வெடித்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். "இழுத்தவர்ல குத்தமில்ல. நாத்தம் அடிக்கிறவன இழுக்கத்தானே வேணும். ஆனா நான் எதுக்கு வந்தேன்டு செல்றதுக்கு ஒரு எடம் கெடைக்கல்ல. இப்பதான் செல்றேன்."

"சரி லாபிர்" என்றார் கிறிஸ்தோபர்.

ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொல்வது அங்கே வழக்கமில்லை. பதுர்தீனின் வாய்வரைக்கும் ஏதேதோ வந்தது, எல்லாவற்றையும் விழுங்கினார். பேச விட்டிருந்தால் அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருப்பார். பள்ளியின் மரியாதை, நோன்பின் மரியாதை, குடும்பத்தின் மானம் என்று. சொல்ல முடியாததால் தம்பி சொன்னது மட்டும் அவர் காதில் மிஞ்சியது. கையைத் தூக்கியிருந்தானாம். அதை அவர் பார்த்திருக்கவில்லை. சட்டைக் கழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

கூட்டம் முடிந்து இரண்டு பேரும் வீதியோரமாக நடந்தார்கள். சாமான்களை லாபிர் தூக்கிவந்தான். தம்புள்ளைப் பக்கமிருந்து வந்த மரக்கறி லொறிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தன. கடை தெரிகிற தூரம் வந்ததும் பதுர்தீன் கேட்டார்.

"நோம்பு வருது. விடியச் சஹர் சாப்பாட்டுக்கு ஒன்ன எழுப்பணுமா?"

லாபிர் நடையைக் குறைக்கவில்லை. "எழுப்புங்க, நானா" என்றான்.

அந்த வருஷத்து நோன்பை லாபிர் முழுவதும் பிடித்தான். பெருநாள் தொழுகைக்கு அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் போனார்கள். பக்கத்தில் நின்றவர் விலகவில்லை.

ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. பள்ளி டிரஸ்டி ஸக்கரியா ஹாஜியார் ஒருநாள் கடைக்கு வந்து, கதவோரத்துக் கதிரையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். நல்ல மனுஷன்தான், ஊர்ப்பேச்சைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

"பதுர்தீன், ஒங்க தம்பி திருந்தினது சந்தோசம். ஆனா மாதா கோயில்ல போய் பாவமன்னிப்புக் கேக்குறாராம்டு ஆள்கள் பேசுறாங்க. நீங்களும் கூடப் போறீங்களாம்."

"அங்க யாரும் பாவமன்னிப்புக் கேக்கல்ல ஹாஜியார். நடந்தத செல்றாங்க. மத்தவங்க கேக்குறாங்க."

"அத நம்ம பள்ளியில செஞ்சா என்ன?"

"நானும் அதைத்தான் கேக்கிறேன்" என்றார் பதுர்தீன். "வார வெள்ளிக்கிழம அஸர்த் தொழுகைக்குப் பொறகு ஒரு மூலை குடுங்க. குடிக்கிற எங்க ஆள்கள் வருவாங்க. எத்தன பேர்டு நீங்களும் பாப்பீங்க."

ஹாஜியார் யோசிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அந்த மூலை கிடைக்கவேயில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியோடு கடைக்கு வரவும் இல்லை.

லாபிர் கடையில் பரோட்டா அடுப்பில் நின்றான். பின்னேரங்களில், புதிதாகக் குடியை விட்டவர்களோடு போய் உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தில் சதை பிடித்தது. வயிறு மட்டும் வற்றவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு கண் மஞ்சளாகியது. கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பதுர்தீனைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரல் கல்லாகிப்போயிருக்கிறது என்றார்.

"இப்ப குடிக்கிறதில்லையே, சேர்!"

"இப்போது குடித்ததால் வந்ததில்லை, முன்னமே கெட்டுவிட்டது. குடியை விட்டதால்தான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கிறது" என்றார் டாக்டர்.

பதுர்தீனால் அதை ஜீரணிக்க முடியவில்லை. திருந்தியவனுக்கு ஏன் தண்டனை என்று கட்டிலருகே இருந்து தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். கேட்டது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். லாபிர் கண்ணைத் திறந்து, "நானா, யோசிக்காதீங்க. வெறியில்லாம மவுத்தாகப் போறேன். நாலந்தாவுல ஈந்திருந்தா அதுவும் கெடைச்சிருக்காது" என்றான்.

வார்டுக்கு மண்டபத்து ஆட்கள் தவறாமல் வந்தார்கள். பொன்னையா தோட்டத்து வேலை முடிந்து ரப்பர்ப்பால் மணக்கிற உடுப்போடு வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அவர்கள் யாரும் இல்லாத நேரத்தில், பதுர்தீன் காதோரம் கலிமாச் சொல்லிக்கொடுக்க, லாபிர் போய்விட்டான்.

ஜனாஸாவைப் பள்ளியிலிருந்து அடக்கம் செய்ய மையவாடிக்கு எடுக்கிற நேரம். கேட்டுக்கு வெளியே மண்டபத்து ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கிறிஸ்தோபர் வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும். பொன்னையா தோய்த்துக் காயாத வேட்டி. தபால் கந்தோர் குமாஸ்தா தலையில் கைலேஞ்சி கட்டியிருந்தார், முஸ்லிம் வீட்டுக்குப் போனால் தலையை மூட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கி வெளியே வந்தபோது பொன்னையா முன்னால் வந்து, பயந்த குரலில் கேட்டார்.

"நானா, கொஞ்ச தூரம் நாங்களும் தூக்கலாமா?"

எல்லோர் காதிலும் விழுந்தது. ஊர்வலம் நின்றது. அது வழக்கத்தில் இல்லாத காரியம். பின்னால் ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. பதுர்தீன் ஸக்கரியா ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார். முடிவு தன் தலையில்தான் என்று பதுர்தீனுக்கு விளங்கியது. அவர் சந்தூக்கின் முன்பக்கத்துக் கைப்பிடியைத் தோளில் வைத்திருந்தார். மெல்லக் குனிந்து தோளை விலக்கினார்.

"வாங்க பொன்னையா. இந்தப் பக்கம் பிடிங்க."

பொன்னையா பிடித்தார். அடுத்த மூலையைக் கிறிஸ்தோபர் பிடித்தார், வயதுக்குப் பாரம் அதிகம்தான், விடவில்லை. சந்தை முனை வரைக்கும் தூக்கிவந்து திரும்பப் பள்ளி ஆட்களிடம் கொடுத்தார்கள். மையவாடிக்குள் வரவில்லை. மண் போட்டு முடித்துப் பதுர்தீன் வெளியே வந்தபோது, அவர்கள் வெயிலில் அப்படியே நின்றிருந்தார்கள்.

அந்த நாளைப் பற்றி ஊரில் வெகுகாலம் பேசினார்கள். சரியென்றவர்களும் இருந்தார்கள், தப்பென்றவர்களும் இருந்தார்கள். ஒரு குடும்பம் அவர் கடைப்படி ஏறுவதையே நிறுத்திவிட்டது. மூத்த மகளுக்கு வந்த ஒரு சம்பந்தமும் தட்டிப்போனது. நூருன்னிஸா அதற்காக அழுதாள், ஆனால் நீங்கள் செய்தது பிழை என்று ஒருநாளும் சொல்லவில்லை.

இனி நீங்கள் வரவேண்டிய கட்டாயமில்லை என்று கிறிஸ்தோபர் சொல்லிப்பார்த்தார். பதுர்தீன் தொடர்ந்து போனார். தம்பி இல்லை, சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் கடைசி வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். போயா விடுமுறை போய்ப் பழையபடி ஞாயிறு வந்தது, கூட்டமும் ஞாயிறுக்கு மாறியது. அந்த நாட்களில்தான் இரண்டு அரசுகளின் ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களுக்கு இந்தியா போகக் கட்டளை வரத் தொடங்கியிருந்தது. பொன்னையாவின் குடும்பத்துக்கும் வந்தது. மகள் புருஷனோடு இங்கே, அவரும் மனைவியும் அங்கே என்று காகிதத்தில் பிரித்திருந்தார்கள்.

மாத்தளை ஸ்டேஷனில் தகரப்பெட்டிகளுக்கும் அழுகைக்கும் நடுவில் பொன்னையா பதுர்தீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க போயி இந்த மாதிரி ஆளுங்க கெடைப்பாங்களா தெரியல நானா. பயமா இருக்கு."

"ரெண்டு பேரத் தேடிப் புடிச்சு நீங்களே தொடங்குங்க. டீமேக்கர் ஐயா அப்படித்தானே தொடங்கினாரு."

பொன்னையா தலையாட்டினார். பிறகு வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார். "ஒரு துளி குடிக்காத மனுஷன். தம்பியும் போயிட்டாரு. இத்தன வருஷமா எதுக்கு நானா எங்க கூட வந்து ஒக்காந்திருந்தீங்க?"

எஞ்சின் நீராவி விட்டது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

"ஊருல எல்லாரும் என்ன நல்ல மனுஷன்டு செல்லுவாங்க, பொன்னையா. அத நம்பிக்கிட்டு வீட்டுல ஈந்தா எனக்குத் தூக்கம் வராது. அங்க வந்து ஒக்காந்தா வரும்."

பொன்னையா அவரைக் கட்டிக்கொண்டார். அவர் மனைவி ரயில் பெட்டிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். ரயில் நகர்ந்தபோது பொன்னையாவின் மகள் பிளாட்பாரத்தில் ஓடினாள். விழுந்துவிடுவாளோ என்று பதுர்தீன் பின்னாலேயே வேகமாகப் போனார். ரயில் போய் மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அவள் புருஷன் வந்து கூட்டிப்போகும் வரைக்கும் பதுர்தீனும் பக்கத்தில் நின்றார்.